உருட்டாத கல்

காலை பத்தரைக்கு ரோலர் வந்தது. அதற்குள் கேட்டிலிருந்து வாசல்படி வரை பெரிய ஜல்லியைப் பரப்பி, மேலே பொடிக்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். ரோலர் முன்னும் பின்னும் போய் வந்தது. கல் கல்லைக் கவ்விக்கொண்டு இறுகியது.

"இதுக்கு மேல சரளையைக் கொட்டுங்க. உருட்ட வேண்டாம்," என்றாள் அவள்.

"உருட்டாம விட்டா கால் வைக்கிறப்பல்லாம் கரக்கரக்குனு கத்தும்மா," என்றார் ரோலர்காரர். "நல்ல பாதைன்னா வாயே திறக்காது."

"கத்தணும். அதுக்குத்தான் போடறோம்."

ரோலர்காரர் அவளுடைய கணவனைப் பார்த்தார். "என்ன சார்?"

"அவங்க சொல்றபடி செய்ங்க," என்றான் அவன். "வீட்டுக்குள்ளயும் அப்படித்தான்."

மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரோலர் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு மறதி நோய். முந்தின மாதம் பகல் தூக்கத்திலிருந்து எழுந்து யாருக்கும் தெரியாமல் வெளியே போய்விட்டார். இருட்டுகிற நேரத்தில் பஸ் டிப்போவில் கிடைத்தார். அதன்பின் அறையைப் பூட்டிப் பார்த்தார்கள். கதவைத் தட்டித் தட்டி அவருடைய விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போனது. பூட்டைக் கழற்றியது அவள்தான். இன்னொரு முறை தொலைந்தால் மறுபடி பூட்டுதான் என்றான் கணவன். அவளும் ஒத்துக்கொண்டாள்.

சரளை சொன்னபடி கேட்டது. அவர் கால் வைத்ததும் சத்தம் சமையலறைவரை வந்தது. "மாமா, டீ ஆறுது," என்று அவள் வெளியே வருவாள். அவர் திரும்பிவிடுவார். டயர் பட்டால் கல் ஒதுங்கும் என்று கணவன் காரைத் தெருவிலேயே நிறுத்தினான். மழையில் சரிந்த கல்லை அவள் இரும்பு வாரியால் இழுத்து நிரப்பினாள்.

நாத்தனார் வந்தபோது காரை நேராக உள்ளே ஓட்டி வந்தாள்.

"ஐயோ, உள்ள வேண்டாம்!"

"பின்ன? பாதையைப் போட்டுட்டு காரைத் தெருவுல நிறுத்துறது, கல்யாணத்தைப் பண்ணிட்டு மாப்பிள்ளையை வாசல்ல நிறுத்துற மாதிரி இருக்கு, அண்ணி."

அவளுக்கும் சிரிப்பு வந்தது.

நாத்தனார் கிளம்பிப் போனபின் பாதையில் இரண்டு தடங்கள் இருந்தன. சரளை ஒதுங்கி, ரோலர் இறுக்கிய பொடிக்கல் தெரிந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் வாரிவிடலாம் என்று நினைத்தாள். மழை மறுநாள் மதியம்தான் விட்டது. வாரப் போகுமுன் சோபாவில் சற்றுத் தலையைச் சாய்த்தாள். கண் அசந்துவிட்டது.

விழித்தபோது மாமனாரின் கட்டில் காலி. வாசல் கதவு திறந்திருந்தது. சக்கரத் தடத்தின் ஈரப் பொடியில் அவருடைய செருப்பின் அச்சு கேட்வரை போயிருந்தது. கேட்டும் திறந்து கிடந்தது.

செருப்பு மாட்டத் தோன்றவில்லை. தடத்தில் ஓடவும் தோன்றவில்லை. நடுவில் குவிந்திருந்த கல்மேலேயே ஓடினாள். சரளை ஊரைக் கூட்டுவதுபோல் கத்தியது.

கேட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அடுத்த வீட்டு மதிலைத் தாண்டி மாமனார் நின்றிருந்தார். மழை ஓய்ந்த தெருவில் வேறு சத்தமில்லை. அவர் தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தார். பிறகு விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

"தள்ளும்மா," என்று அவளைத் தாண்டி உள்ளே போனார். "வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்க. நான் இல்லேன்னா என்ன நினைப்பாங்க?"

அவள் கேட்டைச் சாத்திவிட்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். உள்ளங்காலில் ரத்தம் கசிந்தது. அதைத் துடைக்கும்போதே சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. பூட்டு மேசை இழுப்பறையில் கிடந்தது. கிடக்கட்டும். அவர் தொலையவில்லை. தானாகத் திரும்பி வந்தார்.

எழுந்து வாரியை எடுத்தாள். நடுவிலிருந்த கல்லைத் தடத்துக்கு இழுத்தாள்.

மாமனார் கூடத்தையும் சமையலறையையும் பார்த்துவிட்டு வெளியே வந்தார். ஒரு காலைச் சரளையில் வைத்தார். கரக்கென்றது.

"உள்ள யாரையும் காணோமே," என்றார். "யாரும்மா வந்தது?"