பதினேழாம் நோட்டு

மேசையை நகர்த்தினால்தான் கட்டில் கூடத்துக்கு வரும். மேசையை நகர்த்த நோட்டுகளை இறக்க வேண்டும். முப்பது தடி நோட்டுகள். கொழுந்தன் ஓர் அடுக்கைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

"அண்ணன் போன பிறகும் நம்மள வேலை வாங்குறாரே அண்ணி."

"இருந்தப்ப மட்டும் என்னவாம்?" என்றாள் அவள். விடியற்காலையிலிருந்து அழுது கண் வீங்கியிருந்தது. வாய் மட்டும் வழக்கம்போலத்தான் இருந்தது.

மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பதிவு எழுதும் வேலை அவள் புருஷனுக்கு. முப்பத்தோரு வருடம் விடியும் முன்னே துறைமுகத்துக்குப் போய், எந்தப் படகில் என்ன மீன், எத்தனை, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று எழுதினார். வருடத்துக்கு ஒரு நோட்டு. நிலையத்துக் கூரை ஒழுகுகிறது என்று அத்தனையையும் வீட்டில் கொண்டுவந்து குவித்தார். பிள்ளை என்ன வகுப்பு என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். எந்த வருடம் சுறா வரத்து குறைந்தது என்று கேட்டால் பட்டென்று பதில் வரும். அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியதற்கு அவளுக்கே ஒரு பதக்கம் கொடுக்கலாம்.

கட்டிலைக் கூடத்தில் போட்டு அவரைக் கிடத்தியதும், மகன் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுக்கப் போனான்.

"அது இருக்கட்டும்டா," என்றாள். கண் மங்கிய பிறகு எழுத்து தடிமனாக விழட்டும் என்று போன வருடம் அவள் வாங்கிக் கொடுத்தது.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் கேமராவும் விளக்கும் ஒரு மடக்கு மேசையுமாக ஒரு பெண் நின்றாள்.

"சார் இன்னைக்கு நோட்டெல்லாம் ஸ்கேன் எடுக்க வரச் சொல்லியிருந்தார்…" என்றவள் கூடத்தைப் பார்த்துவிட்டாள். முகம் செத்துப்போயிற்று.

"இன்னொரு நாள் வாங்க," என்றான் மகன்.

"மன்னிச்சிருங்க. வரேன்." ஆனால் கால் நகரவில்லை. "இந்த மெஷின் நாளைக்கு வேற ஊருக்குப் போகுது. மறுபடி எப்ப வரும்னு தெரியாது. பரவாயில்லைங்க."

"உள்ள வா," என்றாள் அவள். "வண்டி நாலு மணிக்குத்தான் வருது."

"அம்மா! நாலு பேரு வர்ற நேரம்."

"வரட்டும். இந்த வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் அந்த நோட்டைத் தாண்டித்தானே வந்தாங்க?"

பின்னறையில் வேலை தொடங்கியது. ஒரு பக்கம், ஒரு வெளிச்சம், அடுத்த பக்கம். கூடத்தில் யாராவது வந்தால் அவள் போய் அழுதாள். திரும்பி வந்து சுவர் ஓரம் உட்கார்ந்து பார்த்தாள்.

"இதெல்லாம் எதுக்காவது ஆகுமா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? இதுல பாதி மீன் இப்ப இங்க வர்றதே இல்ல. இந்த நோட்டு இல்லன்னா அதெல்லாம் இருந்துச்சுன்னு சொல்லவே ஆளில்ல. கரைஞ்சுபோற மாதிரி இருக்கு காகிதம். இன்னைக்கு எடுத்துட்டா உலகத்துல எங்கிருந்தும் யாரும் படிக்கலாம்." அந்தப் பெண் பட்டியலைக் காட்டினாள். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. "இது ஒண்ணுதான் குறை. கடல் சூடாகி பவளமெல்லாம் வெளுத்த வருஷம். அந்த வருஷக் கணக்கு வேற எங்கயுமே கிடையாது. இந்தக் கட்டத்தையே நீக்கிரலாமான்னு சார்கிட்ட கேட்டேன். 'இடம் விட்டு வைம்மா, வரும்'னார்."

அவள் அந்த வெற்றுக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

இருபத்திரண்டு வருடம் முன்பு, மகனுக்கு நெருப்பாகக் காய்ச்சல். ஐந்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு மீன் எண்ணப் போனார். அன்று வந்து குளிக்கப் போன நேரத்தில், பதினோரு மாதம் எழுதிய நோட்டைத் தூக்கித் தன் பெட்டியில் கம்பளிக்கு அடியில் போட்டாள். ஒரு நாள் தவிக்கட்டும் என்றுதான். அவர் ஒரு வாரம் வீட்டையே புரட்டினார், அலுவலகத்தில் வசவு வாங்கினார், ஒரு ராத்திரி சின்னப்பிள்ளைபோல அழுதார். அதற்குமேல் எந்த முகத்தோடு எடுத்துக் கொடுப்பது? நாளைக்கு, நாளைக்கு என்றே காலம் ஓடிவிட்டது. நேற்றுகூட மருந்து கொடுக்கும்போது சொல்ல வாயெடுத்தாள்.

எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். வரும்போது மகன் பின்னறை வாசலில் நின்றான். அவன் முன்னாலேயே நோட்டை மேசையில் வைத்தாள்.

"பதினேழு. நான்தான் ஒளிச்சு வெச்சேன். கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது."

அந்தப் பெண் இரு கையாலும் வாங்கி, பொறுமையாகப் பக்கங்களைப் புரட்டினாள். பாதியில் நின்றாள்.

"அம்மா, சார் இதைப் பாத்திருக்காரே."

நீல எழுத்தில் 'பெரிய கிளிமீன், மூன்று' என்றிருந்தது. அதில் 'பெரிய' என்பதை அடித்து 'நீல' என்று மேலே தடித்த பச்சையில் திருத்தியிருந்தது. ஓரத்தில் போன வருடத்துத் தேதி, கைநடுக்கத்தோடு.

அவள் கூடத்தைப் பார்த்தாள். சட்டைப்பையில் பேனாவின் மூடி தெரிந்தது. பார்த்திருக்கிறார், திருத்தியிருக்கிறார், கம்பளியைக்கூடக் கலைக்காமல் திரும்ப வைத்திருக்கிறார்.

"கள்ளன்," என்றாள்.

மகன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எடும்மா," என்றாள் அந்தப் பெண்ணிடம். "இந்தப் பக்கம் நல்லா விழணும்."

பக்கத்தின் ஓரம் சுருண்டு சுருண்டு எழுந்தது. அவள் ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"விரல் படத்துல விழும்மா."

"விழட்டும்."

விளக்கு எரிந்தது.