அபு குஸய்யின் வலது குதிகால்

1.

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில் காதில் விழுந்தது. கரக் நகரத்தில், கோட்டைக்கு ஏறும் தெருவில் உள்ள மருந்துக்கடை. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் ஒருத்தி கடைக்காரரிடம், "அபு குஸய் வீட்டுக்கு இனிமே அந்த அயோடினை மட்டும் வித்துடாதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். கோபத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. களைப்பு என்றால் வீட்டிலேயே இருக்கிறது.

2.

தொடக்கங்கள்:

"பனி போர்த்திய மலைச்சரிவில் அவள் மெல்ல..."

(நிறுத்திவிட்டேன். அந்த நர்ஸ், ரிஹாப், வருவது பதினொரு மணிக்கு. அதற்குள் பனி போய்விடும்.)

"வலி என்பது மனிதனின்..."

(இதுவும் வேண்டாம். அபு குஸய்க்கு வலியே இல்லை என்பதுதான் சிக்கல். சர்க்கரை நோய் காலின் உணர்ச்சியை எடுத்துவிட்டது. செருப்பில் ஏறிய ஆணியோடு மூன்று நாள் வண்டி ஓட்டியிருக்கிறார்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அபு குஸய், அதாவது குஸய்யின் அப்பா, ஷேர் டாக்ஸி ஓட்டுகிறவர். வலது குதிகாலில் அரை தினார் நாணயம் அகலத்துக்குப் புண். அதன்மேல் செத்த சதை மஞ்சளாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கரைக்க ஒரு நொதிக் களிம்பை டாக்டர் எழுதிக்கொடுத்தார். வியாழக்கிழமைக்குள் புண் தெளியாவிட்டால் கத்தி. அது குதிகாலோடு நிற்குமா என்று கேட்டதற்கு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

3.

ரிஹாப் வாரத்துக்கு மூன்று நாள் வருவாள். மற்ற நாட்களில் கட்டுப் போடுவது அபு குஸய்யின் மனைவி உம் குஸய், அதாவது குஸய்யின் அம்மா.

"வா மகளே, இத்தனை படி ஏறி வந்திருக்கே. முதல்ல காபி."

"முதல்ல காலு, மாமி."

"காலு எங்க போயிடப் போகுது?"

"அதானே எனக்குப் பயம்" என்றார் கட்டிலில் இருந்த அபு குஸய்.

ரிஹாப் சிரித்தாள். சலைன் ஊற்றிக் கழுவினாள். களிம்பைப் புண்ணுக்குள் மட்டும், சுற்றியுள்ள நல்ல தோலில் படாமல், நாணயத்தின் தடிமனுக்கு வைத்து மூடினாள். பத்து நாளாகியும் மஞ்சள் அசையவில்லை. 'மருந்துக்குப் பலன் இல்லை' என்று கோப்பில் எழுதினாள்.

(இது அடிக்குறிப்பு; அடிக்குப் போகச் சோம்பலாயிருப்பதால் இங்கேயே. அந்தக் களிம்பு வெட்டாது, எரிக்காது. செத்த சதையைப் புண்ணோடு கட்டிவைத்திருக்கும் நாரை மட்டும் மெல்ல அரிக்கும், உயிருள்ளதை விட்டுவிடும். என் வாக்கியங்களுக்கும் இப்படி ஒரு களிம்பு... வேண்டாம். நான் உவமையில் இறங்கினால் என் மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.)

4.

முதல் வரைவில் உம் குஸய்யை ஒரு அசட்டுப் பெண்மணியாக எழுதியிருந்தேன். எழுத வசதியாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்து கிழித்துப்போட்டேன்.

திங்கட்கிழமை ரிஹாப் அரைமணி முன்னதாக வந்துவிட்டாள். கதவு திறந்திருந்தது. உம் குஸய் தரையில் உட்கார்ந்து, கணவர் காலை மடியில் வைத்து, பஞ்சில் அயோடினை நனைத்துப் புண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமி பண்றீங்க?"

"ஐயோ, அதுக்குள்ள வந்துட்டியா! இன்னும் முடியலயே."

"என்ன முடியல?"

"வீட்டுக்கு ஆளு வர்ற நேரம், அழுக்கோடயா காட்டுவேன்? தரையைத் துடைச்சேன், வாசலைக் கழுவினேன், காலையும் கழுவி வைக்கிறேன்."

"தினமுமா?"

"நீ வராத நாள்ல ரெண்டு தடவை. திடீர்னு வந்து நின்னா?"

"அப்புறம் அயோடின் நிறமே தெரியாம தொடைச்சுடுவா" என்றார் அபு குஸய், பெருமையாக. "முப்பது வருஷத்துல என் வண்டிக் கண்ணாடியை ஒரு நாள் இப்படித் தொடைச்சதில்ல."

"உங்க வண்டிக்கு யாரு விருந்தாளி வர்றா?"

ரிஹாப் பஞ்சை வாங்கி முகர்ந்து பார்த்தாள். புண்ணில் தங்கிய அயோடின் அந்த நொதியைச் செயலற்றதாக்கிவிடும். பன்னிரண்டு நாளாக, வைத்த மருந்து வைத்த இடத்திலேயே செத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அப்போதுதான் முதல் நாள் நினைவுக்கு வந்தது. ஒரு கையில் காபிக் கோப்பை, இன்னும் இரண்டு வீடு பாக்கி. "நல்லாக் கழுவிட்டுப் போடுங்க, மாமி" என்று சொல்லியிருந்தாள். சலைன்தான், அயோடின் கூடாது, வெள்ளி கலந்த களிம்பும் கூடாது என்று எல்லா வீட்டிலும் ஒப்பிப்பதை அன்று மட்டும் காபியோடு விழுங்கிவிட்டாள்.

"தப்புப் பண்ணிட்டேனா, மகளே?"

"கழுவுவோம், மாமி. முதல்ல கழுவுவோம்."

திரும்பத் திரும்பச் சலைன் ஊற்றி, நிறம் முழுவதும் போனபின் களிம்பை வைத்தாள். அன்றைக்குக் காபி வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று கோப்பை குடித்தாள்.

5.

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ரிஹாப் பேசாமல் இருந்துவிடுகிறாள். கோப்பில் 'பலன் இல்லை' அப்படியே நிற்கிறது. வியாழன், கத்தி.

'வீட்டாரின் தவறு' என்று எழுதுகிறாள். பொய்யில்லை, பாதி உண்மை. இந்த வீட்டை நம்பிப் புண்ணை விடமுடியாது என்பார் டாக்டர். அப்போதும் கத்தி.

'நான் சொல்லத் தவறினேன். மருந்து இன்னும் வேலை செய்யவே தொடங்கவில்லை' என்று எழுதுகிறாள். காலுக்கு இரண்டு வாரம் கிடைக்கலாம். ஆனால் அவளுக்கு அலுவலகத்தில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவதை அவர்கள் கடிதமாகக் கொடுப்பதில்லை.

எனக்குப் பிடித்தது எது என்று உங்களுக்குத் தெரியும். எனக்குப் பிடித்ததை அவள் சம்பளத்தில் எழுத எனக்கு என்ன...

மருந்துக்கடையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கடைக்காரர் அவளிடம், "அந்தம்மாவா கேக்காம ஊத்தினாங்க?" என்று கேட்டார். ரிஹாப் ஏதோ பதில் சொன்னாள். பாழாய்ப்போன இருமல், சரியாக அந்த நேரத்தில் எனக்கு வந்து தொலைத்தது. நான் நிமிர்ந்தபோது அபு குஸய்யின் கோப்பைக் கடை மேஜைமேல் விரித்து வைத்திருந்தாள்.

"பேனா இருக்கா, அண்ணே?"

கொடுத்தேன். வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். ஒரு வரியை அடித்தாள். அதற்கு மேல் பார்ப்பது மரியாதையில்லை என்று இருமல் மருந்துப் புட்டியின் லேபிளைப் படித்தேன். திருப்பிக் கொடுக்கும்போது பேனா சூடாயிருந்தது.

அந்தப் பேனாவில்தான் இதுவரை எழுதினேன். அடுத்த வரிக்கு மூடியைத் திறந்தே வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். இன்றைக்குப் புதன்கிழமை.