கூடியிருக்கு

இனிமேல் என் வீட்டில் யாராவது ‘கூடியிருக்கு’ என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். உப்பு கூடியிருக்கு என்றாலும் சரி, வெயில் கூடியிருக்கு என்றாலும் சரி. அந்த ஒரு சொல்தான் என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடப் பார்த்தது.

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். பதினாறு வருஷம். “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று நான் ஆரம்பித்தால் அழுகிற குழந்தைகூட அண்ணாந்து பார்க்கும். என் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அங்கே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொள்வதால் தெருவில் அவருக்கு ‘அரை டாக்டர்’ என்று பெயர். அது கிண்டல் என்பது அவருக்கு மட்டும் புரியவில்லை.

எனக்குத் தைராய்டு சரியாகச் சுரக்காது. நாலு வருஷமாகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. மூன்று மாதத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பழக்கதோஷம், நான்தான் சத்தமாக வாசித்தேன். டி.எஸ்.எச். ஒன்பது புள்ளி எட்டு. பக்கத்தில் மேலே பார்க்கிற ஒரு அம்புக்குறி.

“பாத்தியா? தைராய்டு கூடியிருக்கு. மருந்து ஜாஸ்தியாயிடுச்சு, இனிமே பாதி போதும்” என்றார் அவர்.

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமேங்க?”

“அம்புக்குறி மேல பாக்குது. இதைப் படிக்க டாக்டர் வேற வேணுமா?”

கண்ணாடி வெட்டிப் பழகிய கை. மாத்திரையைப் பிளேடால் இம்மி பிசகாமல் இரண்டாகப் பிளந்தார். தினமும் காலையில் பாதியைத் தண்ணீரோடு கொண்டுவந்து நீட்டினார். எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று பக்கத்து வீட்டில் பீற்றிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதலில் குளிர் வந்தது. எல்லோரும் மின்விசிறிக்கு அடித்துக்கொள்ளும்போது நான் போர்வை தேடினேன். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. முகம் உப்பிப்போனது. மதியம் மைக் முன்னால் கண் சொருகியது. கடைசியில் குரல். தடித்து, கரகரத்து, ஏழாம் நடைமேடை என்று நான் சொன்னதைக் கேட்டு ஜனங்கள் எட்டாம் நடைமேடைக்கு ஓடினார்கள்.

மேலாளர் கூப்பிட்டார். “என்னம்மா குரல் இது, தகரத்தை இழுக்கற மாதிரி? கம்ப்யூட்டர் குரல் ஒண்ணு தயாரா இருக்கு. திங்கட்கிழமை வாசிச்சுக் காட்டுங்க. சரியா வரலைன்னா சாமான் அறைக்கு மாத்திடறேன்.”

சாமான் அறையாம்! பதினாறு வருஷக் குரலைப் பூட்டி வைத்துவிட்டுப் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். மறுநாள் முடிவோடு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தேன். டி.எஸ்.எச். முப்பத்தெட்டு.

“மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னது யாரு?”

“வீட்டுக்காரர். தைராய்டு கூடியிருக்குன்னு…”

டாக்டரம்மா பேனாவை மேஜையில் போட்டார். “கூடினது தைராய்டு இல்லம்மா. டி.எஸ்.எச்.ங்கறது தைராய்டுக்குத் தலையில இருந்து போற உத்தரவு. சுர, சுரன்னு விரட்டற உத்தரவு. தைராய்டு சுரக்கலைன்னா விரட்டறது கூடும். நம்பர் மேல போச்சுன்னா, சுரக்கறது கீழ போயிடுச்சுன்னு அர்த்தம். அன்னிக்கு மருந்து பத்தலையான்னு பாத்திருக்கணும். நீங்க குறைச்சிருக்கீங்க.”

எனக்கா இது புரியாது? வண்டி கிளம்பாவிட்டால் ஓட்டுநரை மூன்று தடவை, நாலு தடவை கூப்பிடுகிறவள் நான். வண்டி நகராததால்தான் அறிவிப்பு கூடுகிறது. என் உடம்பு போட்ட அறிவிப்பை நானே வாசித்துவிட்டு நானே காதில் வாங்காமல் விட்டிருக்கிறேன். வெட்கமும் ஆத்திரமுமாக அழுகை வந்தது.

“குரல் திரும்புமா டாக்டர்?”

“திரும்பும். ஆனா உடனே வராது. முழு மாத்திரை போடுங்க, ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பாத்து அளவு முடிவு பண்ணுவோம்.” மேலாளரிடம் காட்ட ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போனதும் பிளேடை எடுத்துக் குப்பையில் வீசினேன்.

“நல்லதுக்குத்தானே செஞ்சேன்?” என்றார் அவர்.

“உங்க கடைக்கு வர்றவங்களுக்கு பவர் கூடியிருக்குன்னா, பார்வை கூடிடுச்சுன்னா சொல்றீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் இரங்கவில்லை. “மாத்திரையையா வெட்டினீங்க? என் தொண்டையை வெட்டிட்டீங்க” என்றேன்.

திங்கட்கிழமை மாடியில் இருக்கிற அறிவிப்பு அறையில் மேலாளர் என் பக்கத்தில் நின்றார். வாசித்தேன். கரகரவென்றுதான் வந்தது.

“போதும்மா, சாமான் அறை…” என்று ஆரம்பித்தார். கடிதத்தை நீட்டினேன். அதைப் பார்க்காமலே மேஜையில் வைத்தார். அவ்வளவுதான், மைக்கை மறுபடி அழுத்தினேன்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பதினாறு ஆண்டுகளாக நீங்கள் கேட்டுவரும் குரல், உடல்நலக் குறைவு காரணமாக ஆறு வாரம் தாமதமாக வரும். ரத்து செய்யப்படவில்லை. மீண்டும் சொல்கிறேன், ரத்து செய்யப்படவில்லை.”

கீழே அத்தனை தலையும் அண்ணாந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தது. மேலாளருக்கு வியர்த்துவிட்டது.

“சரிம்மா, சரிம்மா! ஆறு வாரம் தர்றேன், உங்களை மாத்தலை! முதல்ல மைக்கை அணைங்க!”

நான் அணைக்கவில்லை. அவர் சொன்னது பன்னிரண்டு நடைமேடையிலும் கேட்டது.