பழைய முகவரி

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் வினோலியா பாதித் தூக்கத்தில் இருந்தாள். வெளியே பனியில், மூடிய தங்கச் சுரங்கத்தின் கழிவான சயனைடு மேடுகள் மிதந்துகொண்டிருந்தன. பிரவுசர்களில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடுவது அவள் வேலை. மூன்று வாரமாக ஒரு பிரவுசர் எப்போதாவது திடீரென்று நின்றுபோனது. காரணம் பிடிபடவில்லை.

பங்காருப்பேட்டையில் ரயில் நின்றது. எதிர் இருக்கைப் பெண் அடுத்த பெட்டியில் தோழி ஏறுவதைப் பார்த்து அங்கே மாறிப்போனாள். அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள். ரயில் நகர்ந்தபோது, மருந்து வாங்கப் போயிருந்த முதல் பெண்ணின் கணவர் ஓடிவந்து அதே ஜன்னலில் பையைத் திணித்தார்.

"பிடி, மூணு வேளையும் போடு!"

"யாருங்க நீங்க?" என்றாள் புதியவள், பையை வாங்கிக்கொண்டே.

வினோலியா கனவிலிருந்து எழுந்தவள்போல் லேப்டாப்பைத் திறந்தாள். பிரவுசரிலும் இப்படித்தான் ஆள் மாறிய இடத்தில் எதையோ போடுகிறார்களோ என்று அவள் சந்தேகப்பட்டது சரிதான். டேபை மூடியதும் ஒரு படத்துக்கான நினைவகம் விடுவிக்கப்பட்டது. ஆனால் நிரலின் இன்னொரு பகுதி பழைய முகவரியையே நம்பி அங்கே எழுதியது. அதற்குள் ஒரு திருடன் தன் வலைப்பக்கம் வழியாகத் தன் தரவை அந்த இடத்தில் வைத்துவிட்டால், கணினி அவன் கைக்குப் போய்விடும். ஒயிட்பீல்டு வருவதற்குள் பிரவுசரை மூன்று முறை வேண்டுமென்றே நிற்க வைத்தாள்.

பிரவுசர் தயாரிப்பாளர்களுக்கு அன்றே எழுதினாள். "திருத்தம் வரும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று பதில் வந்தது.

அவள் தங்கை நிக்கோல் ராபர்ட்சன்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினாள். ஊரின் ஆதார், பென்ஷன் எல்லாம் அதே பிரவுசர் வழியாகத்தான் போனது.

"தெரியாத லிங்க் எதையும் திறக்காதடி."

"இன்னாக்கா திடீர்னு? இன்னா ஆச்சு?"

"சும்மா சொன்னேன்."

அதன்பின் நாட்கள் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் நகர்ந்தன. பஸ்ஸில், சர்ச்சில், யார் போனைத் தொட்டாலும் அந்த விரலையே பார்த்தாள். பன்னிரண்டாம் நாள் திருத்தம் வெளிவந்தது. நேராக நிக்கோலின் கடைக்குப் போய் மூன்று கம்ப்யூட்டர்களையும் தானே அப்டேட் செய்தாள். அவை மறுபடி உயிர்பெற்ற பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

நிக்கோலின் முகம் சுருங்கியது. "இத்தினி நாளா என்கிட்டயே மறைச்சியா?"

வினோலியாவுக்குக் கண் கலங்கியது.

"சரி வுடு. சொல்லியிருந்தா ஊர் பூரா நானே சொல்லியிருப்பேன்," என்று சிரித்துவிட்டு, நிக்கோல் அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.