அண்ணியின் செருப்பு

அந்தச் செருப்பை என்றைக்கோ அடுப்பில் போட்டிருக்க வேண்டும். வீட்டுக்குள்கூட அண்ணி அதைக் கழற்ற மாட்டாள். "தரை ஜில்லுன்னு இருக்கு" என்பாள். பெரிய மகாராணி என்று நான் கிண்டலடிப்பேன். தையற்கடை வைத்திருக்கிறேன், ஆளைப் பார்த்தே அளவு சொல்வேன். எனக்கே சந்தேகம் தட்டவில்லை.

மாசமானதும் பக்கத்துப் பிரசவ விடுதியில் உயரம் பார்க்கச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். அருகிலேயே என் அம்மா. பெண் பார்க்கும்போதே, குள்ளமாக இருந்தால் வேண்டாம் என்று கறாராகச் சொன்னவள்.

"குனிஞ்சு கழட்ட முடியல, தலை சுத்துது" என்றாள் அண்ணி.

வாசல்வரை கூட்டம். நர்ஸ் செருப்போடேயே அளந்தாள். "உயரம் போதும். இங்கேயே பாத்துக்கலாம்." அந்த விடுதியில் ஆபரேஷன் வசதி கிடையாது.

இன்று விடியும்போது வலி எடுத்தது, அதே விடுதியில் சேர்த்தோம். பொழுது சாய்ந்தும் குழந்தை இறங்கவில்லை. கால் வீங்கிவிட்டதால் அண்ணி வெறுங்காலோடு, என்னைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எப்போதும் என் காதுவரை வருகிற தலை தாடையோடு நின்றது. சேலைக்குள் மறைந்திருந்த செருப்பின் குதி உயரம் அப்போதுதான் உறைத்தது.

"அண்ணி, நீங்க..."

"அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

உயிர் போகிற நேரத்தில் இது ஒரு கவலையா? ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நேரே நர்சிடம் போய்ச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது.

"குள்ளமா இருக்கிற எத்தனையோ பேர் சுகமா பெத்துக்கிறாங்க. ஆனா இடுப்பு குறுகலா இருக்கலாம், தெரிஞ்சிருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேனே. குழந்தை தலை இடுப்பெலும்புல மாட்டியிருக்கு. அதோட இதயத்துடிப்பு வேற குறையுது."

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

வெளியே பெஞ்சில் அம்மா அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி மேல கோபப்படாதம்மா" என்றேன்.

"கல்யாணத்தன்னிக்கே தெரியும்டி. அவ வாயாலயே வரட்டும்னு இருந்தேன்."

"அளக்கும்போது பக்கத்துலதானே உக்காந்திருந்தே?"

அம்மா செருப்பில் இல்லாத தூசியைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ் இன்னும் வந்து சேரவில்லை. உள்ளே அண்ணி தன்னைப் பெற்றவளைக் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. "அத்தை, அத்தை" என்றுதான் கத்திக்கொண்டிருந்தாள்.