கதவடி ரப்பர்

பனிமேட்டில் ஒவ்வொரு வீட்டுக் கதவின் அடியிலும் ஒரு காற்று வரப்போக இருந்தது. ரேஷன் அட்டையில் கடைசிப் பெயராக அதையும் சேர்த்திருப்பார்கள். பெயரை எழுதிவிட்டு, வயது, உறவுமுறை என்ற கட்டங்களில் கோடு போடுவது வழக்கம். காற்றுக்கு அரிசி கிடையாது, மண்ணெண்ணெய் உண்டு.

குணசீலன் வீட்டுக் காற்றின் பெயர் சிங்காரம்.

குணசீலன் அந்த ஊர்ப் பெண்கள் பள்ளியில் ஆய்வக உதவியாளர். மனைவி மரகதம், ஒரே மகள் தமயந்தி. அவர்கள் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் குடிவந்தபோதே சிங்காரம் அந்த வீட்டில் இருந்தார். காலையில் வெளியே போய், பஸ் நிலையம், சலூன், கோழிக்கடை என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மூடுபனி ஏறும் நாலு மணிக்குக் கதவடியில் நுழைவார். நுழையும்போது, மூக்கடைத்தவர் விசிலடிப்பதுபோல ஒரு சத்தம் வரும். கூடத்தைக் கடந்து, யாராவது பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். வெறுங்கையோடு வரமாட்டார். கோழி இறகு, பஸ் டிக்கெட், சலூன் முடி என்று ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைப்பார். மரகதம் அதைப் பெருக்கி எடுப்பாள்.

பக்கத்து வீடு ரெஜினா டீச்சருடையது. குணசீலன் வேலை பார்த்த பள்ளியில்தான் அவரும் இயற்பியல் எடுத்தார். தனியாக இருந்தார். அவர் வீட்டுக் காற்று வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. யூகலிப்டஸ் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். குணசீலன் தன் வாசலில் நின்று அந்த வாசனையை முகர்ந்ததுண்டு. நமக்கு வாய்த்தது இப்படி முடியைக் கொண்டுவந்து போடுகிறதே என்று நினைத்ததும் உண்டு.

வைகாசியில் தமயந்திக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பட்டுப் புடவை கட்டி வந்திருந்தார். சிங்காரம் அதுவரை பட்டைப் பக்கத்தில் பார்த்ததில்லை. புடவைக் கொசுவத்துக்குள் போய் ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பார்த்தார். அது மிகவும் பிடித்துப்போய் உள்ளேயிருந்தே விசிலடித்தார். அந்த அம்மாள் இரண்டு கையாலும் புடவையை அழுத்திப் பிடித்துக்கொண்டே எழுந்து காருக்குப் போனார். பஜ்ஜியை யாரும் தொடவில்லை. அந்த வாரம் முழுவதும் சிங்காரம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கதவடியில் நுழைந்தார். குணசீலன் அதைக் கவனித்தார். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஐப்பசியில் கோயம்புத்தூரிலிருந்து அடுத்த வரன் வந்தது. பையனின் அப்பா வேலுச்சாமி ஓய்வுபெற்ற சர்வேயர். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை காலை, சிங்காரம் வெளியே போனதும், குணசீலன் இரும்புக் கடைக்குப் போய்க் கதவடி ரப்பர் கேட்டார்.

"எலிக்கா சார்?" என்றார் கடைக்காரர்.

"ஆமா, எலிக்கு."

பனிமேட்டில் வேறு எதற்காகவும் யாரும் கதவடியை அடைப்பதில்லை. அலுமினியப் பட்டையில் கோத்த ரப்பரைக் கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். குணசீலன் அதைக் குடைக்குள் செருகிக்கொண்டு, பஸ் நிலையத்தைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில் சிங்காரம் அங்கேதான் நிற்பார்.

குணசீலனுக்குக் கைவேலை நன்றாக வரும். பட்டையை வைத்து அளந்து, ஓரத்தை அறுத்து, ஆறு திருகாணி போட்டு முடுக்கினார். கதவைச் சாத்தியபோது ரப்பர் தரையோடு ஒட்டிக்கொண்டது. மரகதம் கையில் மாவோடு வந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"நாளைக்கு ஒருநாள் மட்டும். அவங்க போனதும் கழட்டிடறேன்."

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

குணசீலன் திருப்புளியைத் துடைத்து டப்பாவில் வைத்தார். தமயந்தி கட்டிலில் உட்கார்ந்து கால்களை மேலே தூக்கிக்கொண்டாள்.

நாலு மணிக்குச் சிங்காரம் வந்தார். வழக்கமான இடத்தில் நுழையப் பார்த்தார். முடியவில்லை. கதவின் அடியில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை மெல்லத் தடவிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டவரைப் போலத் தெருவரை போய், கதவு எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தார். மறுபடியும் தடவினார். குணசீலன் டிவி சத்தத்தைக் கூட்டினார். பிறகு படியில் யாரோ உட்காரும் சத்தம் கேட்டது. வெளியே குளிர் அதிகமாக இருந்தது. காற்றுக்குக் குளிர் ஆகாது.

அரை மணி கழித்து ரெஜினா டீச்சர் கதவைத் திறந்து வெளியே வந்தார். குணசீலன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். டீச்சர் படியைப் பார்த்து ஏதோ கேட்டார். பிறகு கதவை நன்றாகத் திறந்து பிடித்து, "உள்ள வாங்க, பரவால்ல" என்றார். அவர் புடவை ஓரம் ஒருமுறை அசைந்தது. ஒரு கோழி இறகு தயங்கித் தயங்கி அவர் வீட்டுக்குள் போயிற்று. டீச்சர் தலையை நிமிர்த்திக் குணசீலனின் ஜன்னலைப் பார்த்தார். அவர் திரையை விட்டுவிட்டுப் பின்வாங்கினார். காது சூடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வீட்டுக்குள் ஒன்றும் அசையவில்லை. ஊதுபத்திப் புகை குச்சிபோல நேராக எழுந்து கூரையை முட்டியது. காப்பி ஆறவில்லை. போண்டாவும் ஆறவில்லை. மாப்பிள்ளைப் பையன் வாயைச் சுட்டுக்கொண்டு கண்ணில் நீரோடு தமயந்தியைப் பார்த்தான். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இருவருக்கும் பிடித்துவிட்டது தெரிந்தது.

வேலுச்சாமி வாசலில் செருப்போடு காலுறையையும் கழற்றிவிட்டு வந்திருந்தார். வெறுங்காலைச் சேர்த்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"எல்லாரையும் பாத்தாச்சு. வீட்டுக் காத்தைத்தான் காணோம்."

"ஊருக்குப் போயிருக்கார்," என்றார் குணசீலன்.

"எந்த ஊருக்குங்க?"

"மேட்டுப்பாளையம். ஒரு துக்கம்."

"அடடா," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "யார் தவறினது?"

"அவரோட அண்ணன்."

அது எங்கிருந்து வந்தது என்று குணசீலனுக்குத் தெரியவில்லை. மரகதம் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டார் துக்கத்துக்காகச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். அப்போது பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து, மூக்கடைத்தவர் விசிலடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது.

"யாரோ அழகா விசிலடிக்கிறாங்களே," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அது எங்க சிங்காரம்தான்," என்றாள் தமயந்தி.

"அப்ப துக்கத்துக்குப் போயிட்டு வந்துட்டாரா? பாவம், விசாரிக்காம போகக்கூடாது."

பழத்தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். கூடத்திலிருந்து வாசலுக்கு எட்டு அடி. அந்த எட்டு அடிக்குள் குணசீலன் அவர்களைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. கடைசியாகப் போன வேலுச்சாமி வாசலில் குனிந்து, அலுமினியப் பட்டையைக் கட்டைவிரலால் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தடவிப் பார்த்தார்.

"நல்ல வேலைங்க. ஒரு நூல் இடைவெளிகூட இல்ல," என்றார்.

சுவருக்கு அப்பால் மாப்பிள்ளையின் அம்மா தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. விசில் நின்றது.

அவர்கள் திரும்பிவந்து விடைபெற்றார்கள். "பொண்ணைப் பிடிச்சிருக்கு. உங்க வீட்டுக் காரியமெல்லாம் முடியட்டும், போன் பண்றோம்," என்றார் வேலுச்சாமி. குணசீலனின் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துச் சொன்னார்.

கார் திரும்பியதும் குணசீலன் ஆறு திருகாணிகளையும் கழற்றினார். நாலு மணி ஆயிற்று. ஐந்து மணி ஆயிற்று. சிங்காரம் வரவில்லை. மரகதம் அடுப்படியிலிருந்தே சொன்னாள்:

"போய்க் கூப்பிடுங்க. நீங்கதான் போகணும்."

பனிமேட்டில் காற்றிடம் மன்னிப்புக் கேட்பவர்கள் காற்றின் உயரத்துக்கு இறங்கித்தான் கேட்க வேண்டும். குணசீலன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ரெஜினா டீச்சர் வீட்டு வாசலில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் வைத்து, வாயைக் கதவடிக்கு நேராகக் கொண்டுபோனார். டியூஷன் முடிந்து வந்த பத்தாம் வகுப்புப் பெண்கள் மூன்று பேர், "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போனார்கள்.

"சிங்காரம், நான்தான் குணசீலன்."

கதவுக்குப் பின்னால் டீச்சரின் குரல் கேட்டது. "எந்தக் குணசீலன்னு கேக்கறார் சார்."

"பக்கத்து வீட்டுக் குணசீலன்." கொஞ்சம் யோசித்து, "அவர் வீட்டுக் குணசீலன்" என்று திருத்தினார். "கதவை அடைச்சது தப்பு. கடைக்காரர்கிட்ட எலின்னு சொன்னதும் தப்பு."

உள்ளே காலண்டர் தாள் படபடக்கும் சத்தம் கேட்டது.

"அதெல்லாம் போகட்டுமாம் சார். அண்ணன் எப்படித் தவறினார்னு கேக்கறார். நேத்து ராத்திரியா, காலையிலயான்னு."

குணசீலனுக்குச் சிமெண்டின் குளிர் கன்னத்திலிருந்து பல்வரை இறங்கியது. "அவர் தவறலை. நான் பொய் சொன்னேன்."

"அப்ப உயிரோட இருக்காரான்னு கேக்கறார்."

"தெரியாது டீச்சர். அவருக்கு அண்ணன் இருக்கார்ங்கறதே எனக்குத் தெரியாது."

"இருபத்திரண்டு வருஷத்துல நீங்க கேட்டதில்லையாம்," என்றார் டீச்சர். குறையாகச் சொல்லவில்லை. சிங்காரம் சொன்னதை அப்படியே சொன்னார். "பேர் பழனியாண்டி. மேட்டுப்பாளையத்துல உருளைக்கிழங்கு மண்டி, ஏழாம் நம்பர் ஷட்டர். அவரைக் கண்ணால பாத்தாதான் எதையும் நம்புவாராம். இப்ப அழுதுட்டிருக்கார். என் வீட்டுக் காலண்டர் தாள் எல்லாம் பறக்குது."

திங்கட்கிழமை குணசீலன் விடுப்பு எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினார். மண்டியில் ஏழாம் நம்பர் ஷட்டர் கிட்டத்தட்ட முழுசாகவே இறங்கியிருந்தது. அடியில் நாலு விரற்கடை இடைவெளி. சுற்றிலும் மூட்டை தூக்குகிறவர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர் யாரும் சொல்லாமலே படுத்தார்.

"பழனியாண்டி அண்ணே, இருக்கீங்களா?"

முதலில் ஒன்றுமில்லை. சொன்ன பொய் பலித்துவிட்டது என்று நினைத்தார். எழக்கூட மனமில்லாமல் கிடந்தார். அப்புறம் மண் வாசனையோடு ஒரு வெதுவெதுப்பு அவர் முகத்தில் வந்து மோதியது. உருளைக்கிழங்குத் தோல் ஒன்று மூக்கில் ஒட்டிக்கொண்டது. குணசீலன் அதை எடுக்காமல், நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொன்னார். பட்டுப் புடவையைச் சொன்னார், ரப்பரைச் சொன்னார், எட்டு அடியைச் சொன்னார். அண்ணனுக்குச் சாவு வைத்ததை வாய்க்குள்ளேயே சொன்னார். அதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பழனியாண்டி ஷட்டர் அடியிலிருந்து வெளியே வந்தார். பஸ் நிலையம்வரை அவருக்கு ஓரடி முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டே நடந்தார்.

"கூட யாருங்க?" என்றார் கண்டக்டர்.

"எங்க வீட்டுக் காத்தோட அண்ணன்."

"ஜன்னலைச் சாத்திக்குங்க. போன வாரம் ஒருத்தர் ஒன்பதாவது வளைவுல எறங்கிப் போயிட்டார்."

குணசீலன் ஜன்னலைச் சாத்தினார். மலை ஏறும்வரை பழனியாண்டி அவர் மடியில் இருந்தார். கனமாக இருந்தார். இத்தனை வருடத்தில் சிங்காரத்தை ஒருமுறைகூட மடியில் வைத்துக்கொண்டதில்லை என்று நினைத்தபோது, வெளியே பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாதி வழியில் வீட்டுக்குப் போன் செய்து, "காத்து ரெண்டு பேர் வர்றாங்க" என்று மட்டும் மரகதத்திடம் சொன்னார்.

பனிமேட்டில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. ரெஜினா டீச்சர் வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு, பிரிந்து, மறுபடி சுற்றிக்கொண்டன. அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொண்டார்கள். குணசீலன் வேலியோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். டீச்சர் வெளியே வந்து, கீழே விழுந்த ஒரு துண்டை எடுத்து உதறினார்.

"நாளைக்குப் பிராக்டிகல் இருக்கு சார். கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க," என்றார்.

"சரி டீச்சர்."

அவர் அதற்கு மேல் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

குணசீலன் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சிங்காரம் முதலில் நுழைந்தார். விசில் கேட்டது. பழனியாண்டி அவர் பின்னால் போனார். குணசீலன் தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். கதவைத் திறந்ததும் எல்லாரும் தன் முகத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்தபோது உடம்பு குறுகியது. கையை இறக்கிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் இப்போது எதிரில் நின்று பார்ப்பார்கள் என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் குறுகியது. அப்புறம் குனிந்து, முதலில் தோளையும் பிறகு தலையையும் பக்கவாட்டில் கொடுத்து, கதவடியில் நுழைந்தார். ஒன்றும் இடிக்கவில்லை.

மரகதம் கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த தோல்கள் பறக்காமல் ஒரு கையால் மூடிக்கொண்டு, மற்றக் கையால் போனை எடுத்தாள்.

"சர்வேயர் பேசினாருங்க. அடுத்த ஞாயிறு மறுபடி வர்றாங்களாம். வீட்டுல காத்து எத்தனை பேர்னு கேட்டார். ரெண்டுன்னு சொல்லியிருந்தேன். இருங்க, மூணுன்னு மாத்திச் சொல்லிடறேன்."