அறுபது தப்படி

மகள் அடம்பிடித்தால் அப்பாவால் என்ன செய்ய முடியும்? முழங்கால் வலி, வெயில், அதை இதைச் சொல்லி ஒரு வாரம் தட்டிக்கழித்தும் பாச்சா பலிக்கவில்லை. அவளுக்குச் சுற்றுலா அலுவலகத்தில் வேலை. நாளைக் காலை மண்கோட்டையை மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். பட்டாளத்தில் இருந்தபோது அப்பா காவல் காத்த இடம், முதலில் அவர்தான் பார்க்க வேண்டுமாம்.

கோட்டை என்றதும் கல்லையும் கோபுரத்தையும் நினைக்க வேண்டாம். மூன்றாள் உயரத்துக்கு வளைந்து போகும் மண்மேடு, அதன் கீழே தூர்ந்துபோன அகழி, அவ்வளவுதான். ஆனால் வந்த படையெல்லாம் அதைத்தான் கட்டிக்கொண்டு அழுதது. ஈட்டிக்காரர்கள் குவித்தார்கள், பீரங்கிக்காரர்கள் உயர்த்தினார்கள், கடைசியில் இவருடைய படைப்பிரிவு வந்து பதுங்குகுழி தோண்டியது. மகள் அறிவிப்புப் பலகையை வரிவிடாமல் வாசித்துக் காட்டினாள்.

"கண்ணிவெடி பத்தி ஒண்ணும் எழுதலையே?"

"அதைப் போட்டா எவன்பா டிக்கெட் வாங்குவான்? போன வருஷமே தேடிப் பார்த்துட்டாங்க. நீங்க எழுதிக் குடுத்த இடத்துல ஒண்ணுமே இல்ல. மழைல மண்ணு சரிஞ்சு அகழியோட போயிருக்கும்னு சொல்லிட்டாங்க."

அவர் மேட்டை இருபக்கமும் பார்த்தார். மேட்டின் உள்பக்கமெல்லாம் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. வெளிச்சரிவில் ஒன்றுகூட இல்லை. யாரும் அங்கே ஆட்டை விடுவதில்லை போலும்.

கண்ணிவெடி புதைத்த அன்றைக்குப் பேய்மழை. அளவு நாடா சேற்றில் தொலைந்துவிட்டது. 'ஒட்டகம்' என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டைச் சிப்பாய்தான் எல்லைக்கல்லிலிருந்து வெளிச்சரிவில் தப்படி வைத்து எண்ணினான். "அறுபது!" என்று அவன் கத்த, இவர் எழுதினார். அங்கே பன்னிரண்டு வெடிகளை வரிசையாகப் புதைத்தார்கள். படிவத்தில் 'மீட்டர்' என்று அச்சடித்திருந்தது. அடித்து எழுதினால் அதிகாரி வள்ளென்று விழுவார். அப்படியே கையெழுத்துப் போட்டார். போன வருஷம் தேட வந்தவர்கள் போனில், "நாடா வெச்சுத்தானே அளந்தீங்க?" என்று கேட்டபோதும், இந்த வயதில் எதற்கு வம்பு என்று "ஆமா" என்றார். ஒன்றும் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்ட அன்று நிம்மதியாகத் தூங்கவும் செய்தார். வெட்கங்கெட்ட தூக்கம்!

ஒட்டகத்தின் தப்படி ஒரு மீட்டருக்குள் அடங்குமா? அடங்காவிட்டால் வெடிகள் தேடிய இடத்துக்கும் அப்பால் அல்லவா கிடக்கும்!

"இருங்கப்பா, இந்த அம்புக்குறியை நட்டுட்டு ஓடி வந்துடறேன்" என்ற குரல் கேட்டுத் திரும்பினார். பலகையும் கையுமாக அவள் வெளிச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள். தேடிய இடத்தைக் காட்டும் வெள்ளைக் கற்களைத் தாண்டியாகிவிட்டது.

"நில்லு! அசையாதே!"

எடுத்த கால் எடுத்தபடி நின்றாள். "என்னப்பா, பாம்பா?"

"அது மீட்டர் இல்லம்மா, தப்படி. நாடா தொலைஞ்சு போச்சு. ஒட்டகம் காலாலதான் அளந்தான். நான்தான் பொய் சொல்லிட்டேன்."

சிரிக்கப் போனவளின் முகம் பாதியில் செத்துவிட்டது. பெற்ற பெண்ணைத் தன் கையெழுத்தின் மேல் நிறுத்தியிருக்கிறார்.

"வந்த வழியே திரும்பிடு கண்ணு."

"தரையைப் பார்த்தா நடந்தேன்? கட்டாந்தரைப்பா, தடமே இல்ல." அவள் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அளந்த ஆளுக்குப் போன் போடுங்க."

"அவன் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாச்சு."

"சரி. நீங்க கூடவே இருந்தீங்கல்ல? எட்டி எட்டி வெச்சாரா, சும்மா நடந்தாரா? ஞாபகப்படுத்திச் சொல்லுங்கப்பா. அதை வெச்சுக் கணக்குப் போட்டுக்கலாம்."

இனி ஒரு பொய் சொல்ல முடியாது.

"பார்க்கலம்மா. சாரல் அடிச்சுதுன்னு முதுகைத் திருப்பிக்கிட்டேன். அவன் சத்தத்தைக் கேட்டுத்தான் எழுதினேன்."

அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கால் வலிக்குதுப்பா" என்றாள். "எங்க வைக்கட்டும்?"